ஐஸ் மேல் கண்ட மனிதர்

செவ்வாய், ஒக்டோபர் 7
காலை வெப்பநிலை 11 பாகை. முழு மேகமூட்டம். மேல்காற்று, மெல்ல.

எழுபத்து மூன்று வயதில் ஐஸ் சறுக்கல் பழகும் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சேர்ந்தேன் என்று சொல்வது சரியா தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால் சேர்க்கப்பட்டேன்.

மனைவி பரிமளத்தைச் செவ்வாயும் வியாழனும் சமூக நிலையத்தில், நினைவு குன்றியவர்களுக்கான பகல் பராமரிப்பில் விடுகிறேன். விட்டபின் நான் அந்த அறையில் இருக்கக் கூடாதாம். அங்கே வேலை செய்யும் லோகா என்ற பிள்ளை மிகவும் தயங்கித்தான் அதைச் சொன்னாள். "அங்கிள், குறை நினைக்காதேங்கோ. அந்த ஐயா ஏன் என்னையே பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டு அன்ரி கேக்கிறா."

நான் குறை நினைக்கவில்லை. அதே கட்டடத்தின் மறுபாதியில் ஐஸ் அரங்கு இருக்கிறது. அங்கே வாங்கில் உட்கார்ந்திருப்பேன். குளிர்தான், ஆனால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இன்று கேட்டார்கள். பயிற்சியாளர் டான்யா உக்ரேன்காரி, ஐம்பது வயதிருக்கும், பொலிஸ்காரரின் குரல். பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்புக்கு ஓர் ஆள் குறைகிறதாம், ஆள் சேராவிட்டால் வகுப்பே இல்லையாம். ஏற்கனவே பெயர் கொடுத்த ஐந்து பேரும் தடுப்புக்கு அப்பால் நின்று என்னையே பார்த்தார்கள். என்ன செய்வது.

முதல் பாடம் விழுவது. முழங்காலை மடித்து, பக்கவாட்டில், கையை ஊன்றாமல் விழ வேண்டும். பிறகு எழும்ப வேண்டும். ஒவ்வொருவராக விழுந்தோம். நான் நன்றாக விழுவதாக டான்யா சொன்னாள்.

மகள் வதனிக்கு இதைச் சொல்லப் போவதில்லை.

புதன், ஒக்டோபர் 8
7 பாகை. தெளிந்த வானம்.

இந்தக் குறிப்புகளை எழுதச் சொன்னவர் வீட்டுப் பராமரிப்பு இணைப்பாளர். பரிமளத்தின் நிலை எப்படி மாறுகிறது என்பதைத் திகதியிட்டு எழுதி வைத்தால் தனக்கு உதவியாக இருக்கும் என்றார். எனக்கு அது புதிதல்ல. வளிமண்டலவியல் திணைக்களத்தில் அவதானிப்பாளனாகவே ஓய்வு பெற்றவன். கருவி காட்டுவதை எழுதுவது என் வேலை. காரணம் சொல்வது கொழும்பில் இருந்தவர்களின் வேலை.

ஆகவே, காட்டுவது இது. பரிமளத்துக்கு நான்கு வருடமாக நினைவு குறைந்து வருகிறது. சமைப்பதை விட்டுவிட்டாள். பணம், திகதி, தெரு எதுவும் இல்லை. ஆனால் வதனியைத் தெரியும். பகல் பராமரிப்பு வாகன ஓட்டியைத் தெரியும், அவனிடம் பிள்ளைகளின் சுகம் கேட்பாள். லோகாவைத் தெரியும். என்னை மட்டும் இந்தச் சித்திரைக்குப் பிறகு தெரியவில்லை.

கல்யாணம் முடித்த நாள் முதல் அவள் என் பெயரைச் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுவதுபோல "இஞ்சாருங்கோ" என்பாள். வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இப்போது என்னை "ஐயா" என்கிறாள். மிகவும் மரியாதையாக.

நினைவு வைத்தியர் இதைக் கேட்டுப் புருவத்தை உயர்த்தினார். பெரும்பாலும் புருஷனைத்தான் கடைசியாக மறப்பார்களாம். மற்றபடி அவருக்கும் விளங்கவில்லை.

வெள்ளி, ஒக்டோபர் 10

புதுச் சப்பாத்து வாங்கினேன். பழையதில் இடது கால் முனை மட்டும் தேய்ந்து துணி தெரிகிறது. வாங்கி ஆறு மாதம்கூட இல்லை. இப்போது எதையும் ஒழுங்காகச் செய்கிறார்கள் இல்லை.

செவ்வாய், ஒக்டோபர் 14
5 பாகை. தூறல்.

இரண்டாம் வகுப்பு. தடுப்பைப் பிடித்துக்கொண்டு படையினர் போல இடம், வலம் என்று காலைத் தூக்கி வைத்தோம். டான்யா கையைத் தட்டித் தாளம் போடுகிறாள்.

வகுப்பில் இன்னொரு தமிழர் இருக்கிறார். நிமலன், லொறி ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது. மகள் ஹொக்கி விளையாடுகிறாளாம். அவளை ஐஸுக்குள் கூட்டிப்போய் விடும்போது மற்றத் தகப்பன்மார் சறுக்கிக்கொண்டு வர, இவர் மட்டும் தடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதால் அவளுக்கு மானம் போகிறதாம். அவர் விழும்போதெல்லாம் அரங்கு முழுக்க எதிரொலிக்கிறது. ஆளும் அந்த அளவு.

வகுப்பு முடிந்து சப்பாத்து மாற்றிக்கொண்டு நடக்கும்போது பின்னாலிருந்து சொன்னார்: "ஐயா, உங்களுக்கு ஐஸ் ஒத்துவருது. நிலம்தான் ஒத்துவரேல்லை."

சிரித்தேன். வயது போனவர்களைச் சீண்டுவது இந்தத் தலைமுறைக்கு ஒரு பொழுதுபோக்கு. புதுச் சப்பாத்து இன்னும் காலுக்குப் பழகவில்லை, அதுதான்.

ஞாயிறு, ஒக்டோபர் 19
8 பாகை. வெயில்.

வதனி வந்தாள். பரிமளம் அவளைக் கண்டதும் எழுந்து போய்க் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னைக் காட்டி மெல்லக் கேட்டாள், எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் மெல்லக் கேட்டாள்: "பிள்ளை, இவர் எவ்வளவு நாளைக்கு இஞ்சை நிப்பார்? அப்பா வந்தால் என்ன நினைப்பார்?"

வதனி குசினிக்குள் போய் அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "அப்பா, ஏன் இப்பிடிக் கல்லு மாதிரி நிக்கிறியள்? உங்களுக்கு ஒண்டுமே செய்யேல்லையோ?" என்றாள்.

செய்கிறது. முகத்தில் தெரியவில்லை போலும். என் முகம் எப்போதும் இப்படியா என்று பிறகு கண்ணாடியில் பார்த்தேன். சிரித்துப் பார்த்தேன். வேலை செய்கிறது, கொஞ்சம் தாமதமாக.

பராமரிப்பு இல்லக் கதையைத் திரும்ப எடுத்தாள். சென்ற வருடம் அவளே பரிமளத்தின் பெயரைப் பதிந்து வைத்திருக்கிறாள். இடம் கிடைத்தால் கூப்பிடுவார்கள். அடுத்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். அந்த இல்லம் நகரத்தின் மறுகரையில் இருக்கிறது. இரண்டு பஸ், ஒரு ரயில்.

என்னால் முடியும் என்று சொன்னேன். சமைக்கிறேன், உடுப்புத் தோய்க்கிறேன், மருந்து கொடுக்கிறேன், குளிப்பாட்டுகிறேன். என்னை யாரென்று தெரியாவிட்டால் என்ன, நான் இருக்கிறேன் அல்லவா. அவளை வேறு ஆட்கள் கழுவித் துடைப்பதை நினைக்க முடியவில்லை.

"சத்தமாய்க் கதையுங்கோவன் அப்பா" என்றாள் வதனி. நான் சத்தமாகத்தான் சொன்னேன்.

செவ்வாய், ஒக்டோபர் 21
4 பாகை.

தடுப்பை விட்டேன். இரண்டு எட்டு, பிறகு கால்களை இணைத்து நின்றால் தானாகப் போகிறது. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல. நான் நடப்பதற்கு எதுவும் செய்யவில்லை, ஆனால் நகர்கிறேன். இடது காலும் கூடவே வந்தது.

இதைப் பரிமளத்தின் நிலை பற்றிய குறிப்பில் எழுதலாமா தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

திங்கள், ஒக்டோபர் 27
3 பாகை. மழை.

காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மேசையில் மருந்துகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து பரிமளம் வந்து, "ஐயா, பால் எரியுது" என்றாள். நான் நம்பவில்லை. பத்து அடி தூரத்தில் இருக்கிறேன், எனக்கு ஒரு மணமும் வரவில்லை. அடுத்த நிமிடம் புகை எச்சரிக்கை மணி அலறியது. சட்டி அடி கருகிவிட்டது.

அவள் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் நின்றாள். கிட்டப் போனேன். வர வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

எனக்குத் தடிமல் பிடித்திருக்க வேண்டும். மூக்கு அடைப்பில்லாத தடிமலும் உண்டு.

வெள்ளி, ஒக்டோபர் 31

லிப்ட் கதவு முன்பைவிட வேகமாக மூடுகிறது. உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் இரண்டு தரம் போய்விட்டது. கட்டட மேலாளரிடம் முறையிட வேண்டும்.

செவ்வாய், நவம்பர் 4
2 பாகை. வடமேல் காற்று.

இன்று இரண்டு முறை விழுந்தேன், இரண்டு முறையும் முறைப்படி. டான்யா எல்லோரையும் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சறுக்கச் சொன்னாள். நிமலன் நடுவழியில் ஒரு சீன முதியவரை இடித்து, இருவரும் கட்டிப்பிடித்தபடி தடுப்புவரை போனார்கள். நான் தனியாகப் போய்ச் சேர்ந்தேன். நிமிர்ந்து போனேன் என்று நினைக்கிறேன். தடுப்பை அடைந்ததும் டான்யா என் இடது கையைப் பிடித்து ஆட்டி, இது நிலத்தில் தொங்குகிறது, ஐஸில் மட்டும் ஆடுகிறது, ஏன் என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவள் வேறேதோ சொல்ல வாயெடுத்தாள். நான் சப்பாத்துக் கயிறைப் பார்க்கக் குனிந்துகொண்டேன்.

புதன், நவம்பர் 12
0 பாகை. முதல் பனித்தூவல், நிலத்தில் தங்கவில்லை.

நாளை இணைப்பாளர் வீட்டுக்கு வருகிறார். பரிமளத்தை மட்டுமல்ல, நான் பராமரிக்கக்கூடிய நிலையில் இருக்கிறேனா என்றும் பார்ப்பாராம். வதனி சொல்லியிருக்கிறாள் போலும்.

ஆயத்தங்கள்: தேநீரை முன்பே போட்டுச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, கோப்பைகளோடு மேசையில் வைத்துவிட வேண்டும். விருந்தினர் முன் தட்டு ஏந்திக்கொண்டு வருவது எனக்குப் பிடிப்பதில்லை. கதவை வதனி திறக்கட்டும். நான் கைபிடி உள்ள கதிரையில் முன்பே உட்கார்ந்திருப்பேன். தெறி பூட்டும் வேலை இல்லாத சட்டை போடலாம், வெள்ளைக் கம்பளிச் சட்டை இருக்கிறது. சவரம் இன்று இரவே செய்துவிட வேண்டும், அவசரத்தில் வெட்டுப்படுகிறது.

கதிரையிலிருந்து எழும்பிப் பழகினேன். முன்னுக்குச் சாய்ந்து மனதுக்குள் டான்யாவின் தாளத்தைத் தட்டினால் எழும்ப வருகிறது.

வியாழன், நவம்பர் 13
1 பாகை.

நன்றாகவே முடிந்தது. கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னேன். மருந்து அட்டவணையைக் காட்டினேன், மிகவும் ஒழுங்காக இருக்கிறது என்றார். போகும்போது கை கொடுக்க எழுந்தேன். எழுந்துவிட்டேன்.

வாசல்வரை கூட வராததற்கு அவர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார்.

புதன், நவம்பர் 19
-2 பாகை. வானம் பார்க்கவில்லை.

எழுத விருப்பமில்லை. ஆனால் நடந்ததை எழுதாமல் விட்டால் மற்ற நாட்களில் எழுதியதற்கும் மதிப்பில்லை.

குளிக்கவார்க்க வெந்நீர் கலந்துவிட்டுப் பரிமளத்தைக் கூப்பிட்டேன். சட்டைத் தெறியைக் கழற்றத் தொடங்கினேன். விரல்கள் இப்போது கொஞ்சம் நேரமெடுக்கின்றன. அவள் பொறுத்துக்கொண்டுதான் நின்றாள். திடீரென்று என் கையைத் தட்டிவிட்டு, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் தட்டினேன். "பரிமளம், நான்தான்" என்றேன். அவள் உள்ளிருந்து கத்தினாள். ஆங்கிலத்தில் கத்தினாள், அந்நியரிடம் உதவி கேட்கிற ஆங்கிலத்தில்.

பக்கத்து வீட்டு ஜமெய்க்கா அம்மா வந்துவிட்டார். கதவுக்கு வெளியே நின்று அவர் கதைக்க, பரிமளம் திறந்தாள். நனைந்த உடுப்போடு அந்த அம்மாவின் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அவளுடைய கண்ணில் இருந்தது கோபமில்லை. பயம்.

அந்த அம்மாவே குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிட்டுப் போனார். நான் அப்பம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

பிறகு பரிமளம் ஜன்னலோரம் உட்கார்ந்து வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைப் பார்க்கிறாய் என்று தூர நின்று கேட்டேன்.

"அவர் வருவார்" என்றாள். "நடையைக் கண்டால் தெரியும் எனக்கு."

திருகோணமலையில் எங்கள் அரச விடுதியின் குசினி ஜன்னல் கருவிப் புல்வெளியைப் பார்த்தபடி இருந்தது. மணிக்கொரு தரம் நான் வெப்பமானிகள் இருக்கும் வெள்ளைப் பெட்டிக்குப் போய் வருவேன். மழைக்கோட்டு, தொப்பி, குடை, எதைப் போட்டுக்கொண்டு போனாலும், வேலையில் எத்தனை பேர் மாறினாலும், அது நானா இல்லையா என்று அங்கிருந்தே சொல்வாள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

செவ்வாய், நவம்பர் 25
-4 பாகை. பனி, நிலத்தில் தங்கிவிட்டது.

நிமலன் மகளுக்குக் காட்டுவதற்காக வகுப்பைத் தொலைபேசியில் படம் எடுத்தார். முடிந்தபின் எல்லோருக்கும் காட்டினார். ஐஸில் நான் போவதைப் பார்த்தேன். மோசமில்லை. படம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. வெளிவாசல் பக்கம் ஒரு கிழவர், தலை கவிழ்ந்து, ஒரு கை உடம்போடு ஒட்டியபடி, அடிமேல் அடியாக வந்துகொண்டிருந்தார். கதவு நிலையில் வந்து நின்றுவிட்டார். நிலத்தில் ஏதோ கோடு இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது ஆர்?" என்று கேட்டேன்.

நிமலன் பகிடி விடவில்லை. தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "ஐயா, ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டுங்கோவன்" என்றார். "என்ரை சித்தப்பாவும் இப்பிடித்தான் துவங்கினவர்."

தொலைபேசிக் கமரா கோணத்தை மாற்றிக் காட்டும். பனிக்காலச் சப்பாத்து வேறு கனம்.

அடுத்த வகுப்புக்குப் போகவில்லை. பரிமளத்தை விட்டுவிட்டு வாகனத் தரிப்பிடத்தில் நின்றேன். (இதை டிசம்பர் 2 அன்று சேர்க்கிறேன்.)

திங்கள், டிசம்பர் 8
-6 பாகை. தெளிவு.

பராமரிப்பு இல்லத்திலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். இடம் இருக்கிறதாம். நாளை மாலைக்குள் பதில்.

வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். வதனியிடமும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. "நீங்கள் இல்லாமல் போனால் அம்மாவை நான் என்ன செய்யிறது எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள். நான் எங்கே போகப் போகிறேன் என்றேன்.

நாளை கடைசி வகுப்பு. போக வேண்டும் போல இருக்கிறது.

செவ்வாய், டிசம்பர் 9
-7 பாகை.

ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

கடைசி வகுப்பென்றால் குடும்பத்தினர் வந்து பார்க்கலாமாம். நிமலனின் மகள் வந்திருந்தாள், தகப்பன் விழவே இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் லோகா தன் அறையிலிருந்த முதியவர்களையெல்லாம் போர்வை சுற்றிக் கூட்டிவந்து வாங்குகளில் உட்கார்த்தியிருந்தாள். ஒரு மாறுதலுக்காக. நான் வகுப்பில் இருப்பதே அவளுக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஹெல்மெட்.

ஒருவர் பின் ஒருவராக அரங்கைச் சுற்றி வரச் சொன்னாள் டான்யா. என் முறை வந்தது. தள்ளினேன், நின்றேன், தள்ளினேன். வளைவில் சாய்ந்து வந்தேன். கைகள் தாமாக விரிந்தன. முதியவர்கள் இருந்த பக்கம் நெருங்கும்போது சத்தம் கேட்டது.

"இஞ்சாருங்கோ."

வேறு யாருடைய மனைவியோ கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். மெய்யாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ, இஞ்சை, இஞ்சை."

பரிமளம் எழுந்து நின்றாள். போர்வை காலடியில் விழுந்து கிடந்தது. லோகாவின் கையை உலுக்கி, "அதுதான் என்ரை மனிசன். நான் சொன்னனே, வருவார் எண்டு" என்றாள். லோகா ஹெல்மெட்டுக்குள் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

சறுக்கியபடியே தடுப்புக்குப் போனேன். அவள் இறங்கி வந்து தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி, என் ஹெல்மெட்டைத் தொட்டாள்.

"இதென்ன தொப்பி? சாப்பிட்டியளோ?"

"இல்லை."

"டியூட்டி முடிஞ்சுதோ?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்றேன்.

"வீட்டிலை ஆரோ ஒரு வயசு போன மனிசன் வந்து நிக்கிறார்" என்று குரலைத் தாழ்த்தினாள். "நல்ல மனிசன்தான். பாவம், சமைச்சும் தாறார். ஆனால் எனக்குப் பயமாயிருக்கு. நீங்கள் கெதியாய் வாங்கோ."

வருகிறேன் என்று தலையாட்டினேன்.

வகுப்பு முடிந்தது. டான்யா எல்லோருக்கும் கை கொடுத்தாள். வாசலால் வெளியேறி, சறுக்குச் சப்பாத்தைக் கழற்றி, என் சப்பாத்தை மாட்டினேன். எனக்கு அவசரம். அவசரமென்றால் கால் இன்னும் ஒட்டிக்கொள்கிறது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் இருந்த வாங்குவரை நடந்தேன். சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் என்னைப் பார்த்தாள். உடனே காலை மடக்கிக்கொண்டு, "பிள்ளை, ஐயா போகட்டும், வழி விடு" என்று லோகாவிடம் சொன்னாள். பிறகு என்னைத் தாண்டி வெறும் ஐஸைப் பார்த்தாள். அதற்குள் ஐஸ் மெழுகும் இயந்திரம் வந்து சுற்றிக்கொண்டிருந்தது.

வரமாட்டேன் என்றாள். அவர் அங்கை நிக்கிறார், கூட்டிக்கொண்டுதான் போவேன் என்றாள். நான் கூப்பிடக் கூப்பிட வாங்கின் விளிம்பை இறுக்கிப் பிடித்தாள். வதனி வேலையிலிருந்து வந்துதான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

காரில் பின்னால் உட்கார்ந்து வந்தேன். இரண்டு மாதமாக நான் அவளுடைய நோயைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் மறக்கவில்லை. அவளுக்குத் தெரிந்த நடையில் ஒருவரும் வீட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

கட்டட வாசலில் காரை நிறுத்தியதும் வதனியிடம் சொன்னேன், அந்த இடத்துக்கு ஓம் சொல்லு என்று. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "என்ரை நடையைப் பார்" என்றேன். காரிலிருந்து லிப்ட்வரை நடந்து காட்டினேன். எதையும் பிடிக்காமல். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வியாழன், டிசம்பர் 11
-5 பாகை. பனி.

குடும்ப வைத்தியர் தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். விரல்களைத் தட்டச் சொன்னார், கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், மணம் தெரிகிறதா என்று கேட்டார். பார்க்கின்சன் என்று நினைப்பதாகச் சொன்னார். நரம்பியல் நிபுணரிடம் அனுப்புகிறார். நடுக்கம் இல்லையே என்றேன். எல்லோருக்கும் நடுக்கம் வருவதில்லையாம். நடை, முகபாவம், குரல், இவை மெல்ல மெல்ல மாறுமாம். மாத்திரை ஓரளவு உதவும். எந்த அளவு என்று இப்போது சொல்ல முடியாதாம். நடக்கச் சிரமப்படுகிற சிலரால் சறுக்கவும் சைக்கிள் ஓட்டவும் முடிகிறதாம், ஏன் என்று முழுதாகத் தெரியாதாம்.

எப்போது தொடங்கியது, யார் முதலில் கவனித்தது என்று கேட்டார். என் மனைவி என்றேன். சித்திரையில்.

கூட வந்த வதனிதான் இதையெல்லாம் எழுதிக்கொண்டாள். என்னால் இப்போது மெல்லத்தான் எழுத முடிகிறது.

பரிமளத்தை நாளை இல்லத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். அவள் ஜன்னலை விட்டு வருகிறாள் இல்லை. அவர் வந்து பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கும் என்கிறாள்.

வெள்ளி, டிசம்பர் 12
-9 பாகை. தெளிந்த வானம். காற்று இல்லை.

நண்பகலில் ஐஸ் அரங்கு பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். வதனியிடம் நேற்றே சொல்லி வைத்திருந்தேன். பரிமளத்தின் உடுப்புப் பை காரில் இருந்தது. நான் முன்கூட்டியே பஸ்ஸில் போய், சறுக்குச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டேன். நிமலன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் என்னைப் பிடித்து ஐஸில் ஏற்றிவிட்டார். நான் கேட்கவில்லை. செவ்வாயன்று அரங்கில் அவரைச் சந்தித்த வதனி எடுத்துச் சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் வந்து தடுப்பருகில் நின்றதும் தூரத்து மூலையிலிருந்து புறப்பட்டேன். நிமிர்ந்து வந்தேன். பாதி தூரத்திலேயே கூப்பிட்டுவிட்டாள்.

"இஞ்சாருங்கோ."

தடுப்பைப் பிடித்து நின்றேன். புதுக் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள், வதனி வாங்கியது. கன்னம் குளிரில் சிவந்திருந்தது.

"எங்கையோ போகப்போறமாம்" என்றாள். "பிள்ளை சொல்லுறாள். நீங்கள் வராமல் நான் போகேலாது."

"போ" என்றேன். டான்யா போலச் சத்தமாகச் சொன்னேன், கேட்க வேண்டும் என்பதற்காக. "பிள்ளையோட போய் இரு. நல்ல இடம். வீட்டிலை நிக்கிற அந்த மனிசன் அங்கை வரமாட்டார்."

"நீங்கள்?"

"டியூட்டி முடிச்சுக்கொண்டு வாறன்."

பிறகு என் கையுறையைச் சரியாக இழுத்துவிட்டாள். "பிந்தினால் சாப்பாட்டை மூடி வைப்பன்" என்றாள். வதனியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். அழவில்லை. புருஷன் சொல்லிவிட்டான், போகிறாள்.

கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் பார்க்கும்போது நான் நின்றுகொண்டிருக்கக் கூடாது. தள்ளினேன். வளைவில் சாய்ந்தேன். அவள் கையைக் காட்டினாள், நானும் காட்டினேன்.

கார் போய்விட்டது என்று நிமலன் வந்து சொன்னார். வாங்கோ ஐயா, இறங்குவம் என்றார். இன்னும் ஒரு சுற்று என்றேன். அவர் வாசலில் என் சப்பாத்துகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.